ஜங்கிள் டிஜே ஆக விரும்பும் வாசகருக்கு

கேள்வி: 1990களில் லண்டனில் வளர்ந்த, வேகமான டிரம் தாளம் கொண்ட ஜங்கிள் என்ற நடன இசை அறிமுகமானதிலிருந்து வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. டிஜே ஆக வேண்டும் என்று மடிக்கணினியில் ஒரு மென்பொருளை வைத்துப் பழகி வருகிறேன். இரண்டு ஹவுஸ் டிராக்குகளை இணைத்தால் ஓரளவு ஒழுங்காக வருகிறது. இரண்டு ஜங்கிள் டிராக்குகளை இணைத்தால் பாத்திரக்கூடை கவிழ்ந்ததுபோல் இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டின் பிபிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு) ஒன்றுதான். கிளப்களில் இருக்கும் பெரிய பிளேயர்களை வாங்காமல் எதுவும் நடக்காது என்கிறார் ஒரு நண்பர். இரண்டு டிராக்குகளின் வேகத்தையும் அடியையும் தானாகவே பொருத்தும் சிங்க் பட்டனைத் தொடுபவன் டிஜேயே இல்லை என்கிறார் இன்னொருவர். எனக்குத் தெரிந்தவர்களில் இந்த இசையைக் கேட்பவர் ஒருவர்கூட இல்லை. முதலில் எல்லோருக்கும் பிடித்ததைப் போட்டுப் பெயர் வாங்கிவிட்டுப் பிறகு ஜங்கிளுக்கு வரலாமா? மேடைப் பெயர் ஒன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் வழி சொன்னால் நல்லது. – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட பாத்திரக்கூடை விஷயம்தான் உங்கள் கடிதத்தில் முக்கியமானது. உங்கள் காது வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பல பேருக்கு அந்த இரைச்சல் கேட்பதே இல்லை. திரையில் இரண்டு அலைவடிவங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக நின்றுவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பெயர், பிளேயர் எல்லாம் பிறகு.

ஹவுஸ் டிராக்கில் கிக் டிரம் ஒவ்வோர் அடியிலும் விழுகிறது. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு டிராக்குகளைச் சேர்த்தால் கிக்கின் மேல் கிக் விழுந்து, காதுக்கு ஒரே கிக்காகத்தான் கேட்கும். சின்னச் சின்னப் பிசகுகளை அது மறைத்தும்விடும். ஜங்கிளில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே பாட்டே டிரம்தான்.

1960களிலும் 70களிலும் வெளிவந்த சோல், ஃபங்க் இசைத்தட்டுகளில் மற்ற கருவிகள் ஓய்ந்து டிரம்மர் மட்டும் சில நொடிகள் வாசிக்கும் இடங்கள் உண்டு. அதைத்தான் பிரேக் என்கிறோம். அந்தச் சில நொடிகளை சாம்ப்ளர் என்ற ஒலித்துண்டு பதியும் கருவியில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக வெட்டி, வேறு வரிசையில் கோர்த்ததில் பிறந்ததுதான் ஜங்கிளின் தாளம். நீங்கள் கேட்டிருக்கும் டிராக்குகளில் பெரும்பகுதி ‘அமென் பிரேக்’கைக் கொண்டு செய்தவையாக இருக்கும். தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘அமென், பிரதர்’ என்ற பாட்டில் டிரம்மர் கிரெகரி கோல்மன் வாசித்த நான்கு பார்கள் (ஒரு பார் என்பது நான்கு அடி) அவை. மொத்தம் 7 நொடி அளவுதான். முதல் இரண்டு பார்கள் ஒழுங்காகப் போகும். மூன்றாவது பாரின் கடைசி ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) கொஞ்சம் தாமதித்து விழும். நான்காவது பாரின் முதல் அடி காலியாக இருக்கும். பெரிய ஸ்னேர் அடிகளுக்கு நடுவே மெல்லிய தட்டல்கள் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாசிப்பின் உயிரே அந்த மெல்லிய தட்டல்களில்தான் இருக்கிறது. (இத்தனை ஆயிரம் டிராக்குகளுக்கு அடித்தளம் போட்ட கோல்மன் அதற்காக ராயல்டி எதுவும் பெறாமலேயே 2006இல் இறந்துபோனார். இந்த இசையை நம்பித் தொழில் செய்யப் போகிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.)

இப்படிப்பட்ட இரண்டு வாசிப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் என்ன ஆகும்? ஒன்றின் இடைவெளியில் மற்றதன் தட்டல் போய் விழும். ஒன்றின் ஸ்னேர் தாமதிக்கும் இடத்தில் மற்றது நேராக அடிக்கும். இரண்டும் 165 பிபிஎம்மாகவே இருக்கட்டும். இரண்டு டிரம்மர்களின் கைநடை வேறு, அதை வெட்டிக் கோர்த்த இரண்டு பேரின் கணக்கும் வேறு. பிபிஎம் என்ற எண் வேகத்தை மட்டும்தான் சொல்லும்.

ஆகவே முதல் சில மாதங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். முழு டிரம் ஓடும் இடத்தின் மேல் முழு டிரம்மை வைக்காதீர்கள். பெரும்பாலான ஜங்கிள் டிராக்குகளின் தொடக்கத்தில் டிஜேக்களுக்காகவே இடம் விட்டிருப்பார்கள்: நீண்ட சிந்தசைசர் ஒலி, ஒரு குரல் துண்டு, அல்லது வெறும் ஹைஹேட் (ஜோடிச் சிம்பல்). அந்தப் பகுதியை ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் டிரம் மேல் வையுங்கள். அது பழகிய பிறகு, நெருக்கமாக வெட்டிய பிரேக் ஒன்றையும் காற்றோட்டமான, இரண்டு மூன்று அடிகளோடு நிற்கும் தாளம் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் நெருக்கமானவையாக இருந்தால் ஒன்றின் நடு, மேல் ஒலிகளை ஈக்யூவில் (பாஸ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) பாதிக்கும் கீழே இறக்கினால்தான் தேறும். சில ஜோடிகள் என்ன செய்தாலும் தேறாது. அவற்றை விட்டுவிடுங்கள்.

பாஸ் இன்னொரு தலைவலி. இரண்டு டிராக்குகளின் சப் பாஸ் (மிக ஆழமான பாஸ் ஒலி) ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒன்றையொன்று கலக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். வீட்டிலிருக்கும் சின்ன ஸ்பீக்கரில் அந்த ஆழ ஒலியே வராது என்பதால் உங்களுக்கு இது தெரியாமலே போகலாம். பெரிய ஒலியமைப்பில் முதல் முறை போடும்போதுதான் தரை கலங்கும். எந்த நேரத்திலும் ஒரு பாஸ் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பாஸைச் சரிபார்க்க ஹெட்போனை நம்புங்கள்.

ஓர் இணைப்பைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 165 பிபிஎம்மில் 32 பார்கள் என்றால் 128 அடிகள், ஏறக்குறைய 46 நொடி. ஹவுஸில் 125 பிபிஎம்மில் இதே 32 பார்களுக்கு உங்களுக்கு 61 நொடி கிடைத்துவந்தது. காலடியில் 15 நொடி காணாமல் போயிருக்கிறது. உங்கள் பதற்றத்தில் பாதி இதனால்தான்.

முதல் டிராக்கின் பிரேக் ஓடிக்கொண்டிருக்கிறது. அது இன்னும் 32 பார்களில் அடங்கப்போகிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது டிராக்கின் முதல் அடியைச் சரியாக அந்த 32 பார்களின் முதல் அடியில் விடுகிறீர்கள். அதன் பாஸ் முழுக்க மூடியிருக்கிறது. அதன் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரும் இறக்கியே இருக்கிறது. முதல் நான்கு பார்களை ஹெட்போனில் மட்டும் கேட்கிறீர்கள். ஸ்னேர் இரட்டித்துக் கேட்டால் ஜாக் வீலை (டிராக்கை முன்னே பின்னே நகர்த்தும் சக்கரம்) விரல் நுனியால் தள்ளுகிறீர்கள், அல்லது லேசாகப் பிடிக்கிறீர்கள். எட்டாவது பாரில் ஃபேடரை ஏற்றத் தொடங்கினால் பதினாறாவது பாரில் அதன் ஹைஹேட் அரங்கில் கேட்கும். அப்போது முதல் டிராக்கின் மேல் ஒலிகளைக் கொஞ்சம் குறைக்கிறீர்கள். 32 முடிந்து அடுத்த 1 விழும் அந்த அடியில் ஒரு கை பழைய பாஸை மூடுகிறது, மறு கை புதிய பாஸைத் திறக்கிறது. இரண்டு குமிழ்களும் ஒரே அடியில் திரும்ப வேண்டும். அரை அடி பிந்தினாலும் ஆடுபவரின் முழங்காலுக்கு அது தெரிந்துவிடும்.

இந்த ஓர் இணைப்பை, ஒரே இரண்டு டிராக்குகளை வைத்து, சலிக்கும்வரை செய்யுங்கள். சலித்த பிறகும் கொஞ்சம் செய்யுங்கள்.

சிங்க் பற்றிய சண்டைக்கு வருவோம். எனக்கு அதில் சுவாரசியம் குறைவு. பட்டனைத் தொடலாமா என்று கேட்பவர்கள் அடுத்துப் போட்ட டிராக் போடத் தகுந்ததுதானா என்று கேட்பதே இல்லை. ஆனால் ஜங்கிளுக்கென்று ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சிங்க், மென்பொருள் போட்டுவைத்திருக்கும் கட்டத்தைத்தான் (எந்த அடி எங்கே விழுகிறது என்று காட்டும் கோடுகள்) நம்பும். 1990களின் முற்பகுதியில் வந்த டிராக்குகள் பலவும் இன்று இசைத்தட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய வடிவில்தான் கிடைக்கின்றன. தட்டு சுழலும் வேகத்தில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கம் அதில் அப்படியே பதிந்திருக்கும். கட்டமோ அசையாமல் நேராக ஓடும். வேறொரு தொல்லையும் உண்டு. அந்த வெட்டிய தாளத்தில் எது முதல் அடி என்று மென்பொருளுக்கே குழப்பம் வரும். ஸ்னேரை முதல் அடியாக எடுத்துக்கொண்டால் சிங்க் விளக்கு பளிச்சென்று எரியும், தாளம் ஓர் அடி தள்ளி ஓடும். 165ஐப் பாதியாக்கி 82.5 என்று காட்டுவதும் வழக்கம். அமைப்பில் பிபிஎம் வரம்பை மாற்றினால் இது சரியாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிராக் 165, மற்றது 165.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பார்கள் முடியும்போது இரண்டும் 28 மில்லிநொடி விலகியிருக்கும். ஹவுஸ் கிக்கில் இது கொஞ்சம் தடிப்பாகக் கேட்பதோடு சரி. ஜங்கிள் ஸ்னேரில் இரண்டு அடியாகவே கேட்கும். சிங்க் போட்டாலும் இந்த விலகலைக் கேட்டுத் திருத்தும் காது வேண்டும். அந்தக் காது வந்துவிட்டால் சிங்க் போடுவதும் விடுவதும் உங்கள் சௌகரியம். பழகும்போது திரையில் அலைவடிவம் தெரியும் பகுதியை ஒரு தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். முதல் வாரம் கொடுமையாக இருக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். எத்தனை டிராக்குகள் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆயிரக்கணக்கில் இறக்கி வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதிலிருந்து 30 டிராக்குகளைப் பொறுக்கி எடுங்கள். மீதியை வேறு கோப்புறையில் போட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.

முப்பதில் எந்த இரண்டையும் சேர்த்தால் 435 ஜோடிகள் கிடைக்கும். எது முன்னால், எது பின்னால் என்று பார்த்தால் 870 இணைப்புகள். ஆறு மாதத்துக்கு இது தாராளம். பெரும்பாலானவை சுமாராக இருக்கும், சில நாராசமாக இருக்கும், ஏதோ இருபது முப்பது மட்டும் உங்களையே நிமிர்ந்து உட்கார வைக்கும். ஒரு டிராக்கின் குரல் மற்றதன் மௌனத்தில் வந்து பொருந்தும். ஒன்றின் பாஸ் விட்ட இடத்தில் மற்றது தொடரும். அந்த இருபது முப்பதை உங்களுக்கு முன்னால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இரண்டு டிராக்குகளின் உச்சத்தை ஒரே அடியில் விழவைக்கும் ‘டபுள் டிராப்’ என்ற வித்தைக்கு டிஜே ஆண்டி சி பெயர் போனவர். தன் டிராக்குகள் பார் பாராக மனப்பாடமாக இருப்பவருக்குத்தான் அப்படிப்பட்ட வித்தை கைவரும்.

ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். பிரேக் எத்தனையாவது பாரில் நுழைகிறது, பாஸ் எங்கே இறங்குகிறது, நடுவில் டிரம் ஓயும் இடம் எது, குரல் எங்கே வருகிறது, வெளியேற வசதியான இடம் எது. மென்பொருளில் மூன்று குறிகள் வைத்தால் போதும். எட்டுக் குறிகளை எட்டு நிறத்தில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; வாசிக்கும்போது அவர்கள் கண் அந்த நிறங்களைவிட்டு நகர்வதில்லை. சுருதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் டிராக் ஏறக்குறைய அரைச் சுரம் மேலே போய்விடும். 156 பிபிஎம் டிராக் ஒன்றை 165க்கு இழுத்தால் இதுதான் நடக்கும். சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி மென்பொருளில் உண்டு, ஆனால் அதிக தூரம் இழுத்தால் சிம்பல் ஒலி நொறுங்கும். பழைய ஜங்கிளுக்கு அந்த வசதியை அணைத்துவைப்பது என் வழக்கம். கொஞ்சம் சுருதி ஏறினால் அதன் அழகு கெடுவதில்லை.

பழகுவதையெல்லாம் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். மறுநாள் வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். வேலையிலிருந்து உங்கள் கவனம் தானாக இசைக்குத் திரும்பும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்று மிக நன்றாக நடந்திருக்கும், அல்லது மிக மோசமாக.

டிராக்குகளை எங்கே வாங்குவது? இப்போது ஜங்கிள் வெளியிடும் சிறு லேபிள்கள் பெரும்பாலும் பேண்ட்கேம்ப் என்ற இணைய விற்பனைத் தளத்தில் இருக்கின்றன. பழையவற்றின் வரலாற்றை டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தகவல் தளத்தில் பார்க்கலாம். எந்த லேபிள், எந்த ஆண்டு, யார் மறுபதிப்புப் போட்டார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அசல் தட்டுகள் சில நம்ப முடியாத விலைக்குப் போகின்றன. மறுபதிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வீடியோ தளங்களிலிருந்து உருவி எடுத்த கோப்புகளை மேடையில் போடாதீர்கள். அறம் ஒரு பக்கம் இருக்கட்டும்; பெரிய ஒலியமைப்பில் அவற்றின் சிம்பல்கள் சலசலத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

சின்ன இசை வகையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. 200 பிரதிகள் விற்கும் ஒருவர், வாங்கியவர்களின் பெயர்களைப் பார்க்கிறார். உங்கள் பெயர் மூன்று முறை வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்கிறார். நீங்கள் ஒரு மிக்ஸ் (டிராக்குகளை இணைத்துச் செய்த பதிவு) வெளியிட்டு, டிராக் பட்டியலில் அவர் பெயரைச் சரியாகப் போட்டு, அவருக்குத் தெரியப்படுத்தினால் பேச்சு தொடங்கும். ஒரு நாள், வெளிவராத டிராக் ஒன்று உங்களுக்கு வந்து சேரும். ஜங்கிள் வளர்ந்தது இந்தப் பழக்கத்தில்தான். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் மரபிலிருந்து வந்த டப்பிளேட் (வெளிவராத டிராக்கை ஒரு டிஜேக்காக வெட்டிய தட்டு) வழக்கம் அது. 90களில் லண்டன் டிஜேக்கள் நண்பர்களின் புதிய டிராக்குகளை மியூசிக் ஹவுஸ் போன்ற, தட்டு வெட்டித்தரும் இடங்களில் வரிசையில் நின்று அசிட்டேட் தட்டில் வெட்டி வாங்கிப் போனார்கள். அந்தத் தட்டு சில டஜன் முறை ஓடினாலே தேய்ந்துவிடும், ஆனாலும் அந்த வாரம் அந்த டிராக் அவர்களிடம் மட்டும்தான் இருக்கும். இன்று அது ஒரு வேவ் கோப்பாக வருகிறது, மரியாதை மாறவில்லை. அனுப்பியவர் சொல்லாமல் அதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். நீங்களாக முதல் கடிதத்திலேயே இலவசமாகக் கேட்காதீர்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஈக்யூ குமிழ், விரலுக்கு அடங்கும் ஜாக் வீல், ஹெட்போனுக்குத் தனி ஒலி. இவ்வளவும் உள்ள சின்ன கண்ட்ரோலர் போதும், பழையதாக இருந்தாலும் சரி. மென்பொருளுக்கு மிக்ஸ் (மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள்) இலவசமாகவே கிடைக்கிறது. காதை நன்றாக மூடும் ஹெட்போனுக்குக் கொஞ்சம் செலவழிக்கலாம். பெரிய பிளேயர்களில் வாசிக்கும் நாள் வருவதற்கு முன்னால், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பயிற்சி அறை இருந்தால் அங்கே போய்த் தொட்டுப் பாருங்கள். அவற்றின் குணம் தெரியாமல் போனால் சின்ன விஷயங்கள் காலை வாரிவிடும். கிளப்களில் இருக்கும் சிடிஜே-2000 வரிசைப் பிளேயர்களில் நெக்சஸ் 2க்கு முந்தையவை ஃபிளாக் கோப்புகளை வாசிக்காது. யூஎஸ்பியை ஃபேட்32 வடிவில் வைத்து, 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது ஏஐஎஃப்எஃப் கோப்புகளாகக் கொண்டுபோனால் வம்பில்லை. இரண்டாவது யூஎஸ்பி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலி கூடவில்லை, உடைகிறது.

கண்ட்ரோலருக்கும் முன்னால் வாங்க வேண்டியது காதடைப்பான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்வரை காது தாங்கும் என்பது தொழில் பாதுகாப்பில் பின்பற்றப்படும் ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிஜே நிற்கும் இடத்தில் 100 என்பது சாதாரணம். இசைக் கலைஞர்களுக்கென்றே எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் வகை இருக்கிறது, அதை வாங்குங்கள். காதுக்குள் ஒரு முறை மணி அடிக்க ஆரம்பித்து நிலைத்துவிட்டால் அதை நிறுத்த மருந்து இல்லை.

கடைசியாகக் கேட்பவர்கள் பற்றிய கேள்வி. எல்லோருக்கும் பிடித்ததைப் போட்டுப் பெயர் வாங்கிவிட்டு ஜங்கிளுக்கு வருவது என்ற திட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. எதைப் போட்டுப் பெயர் வாங்குகிறீர்களோ அதற்காகத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். மூன்று ஆண்டு கழித்து ஜங்கிள் போட்டால் கூப்பிட்டவருக்கு ஏமாற்றம், உங்களுக்கும் எரிச்சல். கையில் காசு வேண்டும் என்பதற்காகக் கொண்டாட்டங்களில் பாட்டுப் போடுவது வேறு விஷயம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கூட்டத்தின் முகத்தைப் படிக்க அங்கே கற்றுக்கொள்ளலாம். அதை வேறு பெயரில் செய்யுங்கள்.

தெரியாதவர்களை ஜங்கிளுக்குள் அழைத்துவர இசையிலேயே ஒரு கதவு இருக்கிறது. ஜங்கிளின் டிரம் 165இல் ஓடினாலும் பாஸ் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில், ரெக்கேயின் நடையில் நகர்கிறது. 82, 83 பிபிஎம்மில் இருக்கும் டப், டான்ஸ்ஹால், ஹிப் ஹாப் எதிலிருந்தும் நேராக ஜங்கிளுக்குள் நுழையலாம். கேட்பவர் அதே நடையில் தலையாட்டிக்கொண்டிருப்பார், மேலே டிரம் மட்டும் இரண்டு மடங்காகும். தொடக்க ஆட்டக்காரராக உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் முதல் 40 நிமிடத்தை இந்தப் பாதி வேகத்தில் கழித்துவிட்டு, கடைசி 20 நிமிடத்தில் கதவைத் திறங்கள். தொடக்க நேரத்தில் உங்களிடமிருக்கும் ஆகக் கடினமான டிராக்கைப் போட்டு அரங்கைக் காலி செய்யும் புதியவர்களுக்கு இரண்டாவது அழைப்பு வருவதில்லை. எம்சி (இசைக்கு மேல் பேசிக் கூட்டத்தை உசுப்புபவர்) மைக்கைப் பிடித்தால் குரல் நிறைந்த டிராக்குகளை ஒதுக்கிவைத்து அவருக்கு இடம் விடுங்கள். ரீவைண்ட் கூட்டம் கேட்டால்தான். நீங்களாகவே நிறுத்தி மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொள்வது பார்க்கச் சகிக்காது.

ஒருவர்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவரைக் கூட்டிவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இசையின் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் உண்டு. லண்டனில் ஹெவன் கிளப்பின் ‘ரேஜ்’ இரவுகளில் ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்கள் வாசித்துவந்தார்கள். அங்கே வழக்கமாகப் போய்வந்த கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு தோழிகள் கோல்டியை அங்கே அழைத்துப் போனார்கள். அவர் அன்று கிராஃபிட்டி என்ற சுவர் ஓவியத்தில் பெயர் பெற்றவர். இந்த இசை அவருக்குப் புதிது. பிறகு மூவரும் சேர்ந்து 1994இல் மெட்டல்ஹெட்ஸ் லேபிளைத் தொடங்கினார்கள். அதன் இரவுகள் ப்ளூ நோட் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய இரவு அது. கிளப்காரர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அப்படிப்பட்ட, அவர்களுக்கு எப்படியும் காலியாகக் கிடக்கும் இரவைத்தான். சின்ன அறை, நல்ல பாஸ் ஸ்பீக்கர், இதே பைத்தியம் பிடித்த இன்னும் இரண்டு பேர். இருபது பேர் வந்தால் அறை நிறைந்துவிட வேண்டும். பெரிய அரங்கில் நிற்கும் அறுபது பேரைவிட அது மேல்.

அதுவரை வானொலி இருக்கிறது. கூல் எஃப்எம் 1991இல் தொடங்கிய காலத்தில் உரிமம் இல்லாத திருட்டு வானொலி. ஜங்கிளைப் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அதற்காக யாரும் மொட்டைமாடி ஏறி ஆண்டெனா கட்ட வேண்டியதில்லை. மாதம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு மிக்ஸ்கிளவுடில் வெளியிடுங்கள். உரிமைத் தொகையை அந்தத் தளமே பார்த்துக்கொள்கிறது. இணைய வானொலிகள் புதியவர்களிடம் கேட்பதும் ஒரு மணி நேரப் பதிவைத்தான். தேதி தவறாமல் வெளியிடுபவரை இந்தச் சின்ன உலகம் சீக்கிரம் கவனிக்கும். முதல் மிக்ஸை முப்பதிலிருந்து 18 டிராக்குகள் எடுத்துச் செய்யுங்கள். அதற்குள் பழைய அமென் டிராக்குகள் பாதிக்கு மேல் இருக்க வேண்டாம். இப்போது எழுதுபவர்களுக்கும் இடம் கொடுங்கள். உங்கள் மிக்ஸைக் கேட்டுப் பதில் எழுதப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பெயர் விஷயம். பிடித்த பெயரை டிஸ்காக்ஸில் தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் அந்தத் தளம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண் போட்டுப் பிரிக்கும். உங்களுக்கு 14ஆம் எண் விழும்போல் இருந்தால் வேறு யோசியுங்கள். இரைச்சலுக்கு நடுவே எம்சி ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக, இரண்டு மூன்று அசைகளுக்குள் இருக்கட்டும். ‘ஜங்கிள்’, ‘அமென்’, ‘பாஸ்’ ஆகிய மூன்றையும் பெயரில் சேர்க்க வேண்டாம். அவை ஏற்கெனவே நிறையப் பேரிடம் இருக்கின்றன.